அவருக்குத் தெரிந்ததும் எனக்குத் தெரியாததும்

முதலில் ஒரு கறைதான். மாதவிலக்கு முடிந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. உள்ளாடையில் லேசான பழுப்பு. நாற்பத்து மூன்று வயதில் இதெல்லாம் தாறுமாறாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அப்புறம் கணவரோடு சேர்ந்திருந்த நாட்களுக்கு மறுநாள் காலையில் வந்தது. அப்புறம் வாடையோடு தண்ணீராகவும் போக ஆரம்பித்தது. சிங்கப்பூர் ஜாலான் புசாரில் ஒரு விளக்குக் கடையில் நான் கணக்கு எழுதுகிறேன். கடையில் நான் ஒருத்திதான் பெண். நாற்காலியில் கறை படுமோ என்று மணிக்கொரு தரம் எழுந்து கழிவறைக்குப் போனேனே தவிர, யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடம்கூடச் சொல்ல வெட்கம்.

அந்த வெட்கத்தால்தான் இதை இப்போது ஒளிக்காமல் எழுதுகிறேன். இதைப் படிக்கும் யாருக்காவது இப்படி இருந்தால், போய்க் காட்டுங்கள்.

நான் போனது எங்கள் புக்கிட் பாஞ்சாங் பலதுறை மருந்தகத்துக்கு. இளம் பெண் டாக்டர். கருவியை உள்ளே வைக்கும்வரை வெளியே பெய்துகொண்டிருந்த மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். விளக்கைத் திருப்பிப் பார்த்தார். பேச்சு நின்றுவிட்டது. அறையில் குளிர்சாதனத்தின் சத்தம் மட்டும். "உங்க கூட யாராவது வந்திருக்காங்களா?" என்று கேட்டார்.

பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். கருப்பைவாயிலிருந்து ஒரு துணுக்குச் சதையைக் கிள்ளி எடுத்தார்கள். முடிவு வந்த அன்று கணவரும் லீவு போட்டுவிட்டு வந்தார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் தனபால். அரசாங்க அடுக்குமாடி வீட்டு புளோக்குகளில் லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. நல்ல மனிதர், ஆனால் முன்கோபி. குளியலறை விளக்கை அணைக்காமல் வந்தால் கத்துவார். குடையை பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தால் ஒரு வாரம் கத்துவார். பத்து வயதாகும் எங்கள் மகள் யாழினி, "அப்பா ஸ்டார்ட் பண்ணிட்டாரு" என்று காதைப் பொத்திக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள். பத்து நிமிடம் கழித்து எதுவும் நடக்காதது போல, "டீ போடட்டா?" என்று கேட்பார். இந்தச் சத்தத்தோடுதான் எங்கள் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது.

டாக்டர் ஐம்பது வயதுச் சீனப் பெண்மணி. சுற்றி வளைக்காமல், ஆனால் மெதுவாகப் பேசினார். கருப்பைவாய்ப் புற்றுநோய். ஸ்கேன் படங்களைக் காட்டினார். கட்டி கருப்பைவாயைத் தாண்டிப் பக்கத்துத் திசுவுக்குள் கொஞ்சம் போயிருக்கிறது. நிணநீர் முடிச்சுகளில் தெரியவில்லை. இந்தக் கட்டத்தில் அறுவை சிகிச்சை பயன்படாது, கதிர்வீச்சும் கீமோவும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்றார்.

எதனால் வந்தது என்று கேட்டேன். பெரும்பாலும் எச்பிவி என்ற வைரஸால் என்றார். உடலுறவு வழியாகப் பரவுவது. உலகத்தில் பெரும்பாலானவர்களுக்கு எப்போதாவது வந்து தானாகப் போய்விடுவது. சிலருக்கு மட்டும் போகாமல் பல வருடம் உள்ளேயே தங்கிக் கட்டியாக மாறுவது. யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, அந்தக் கேள்வியால் பயனும் இல்லை என்று எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னார்.

வெளியே வந்து லிஃப்ட்டுக்காக நிற்கும்போது கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "என்னாலயா ராணி?"

"அவங்க சொன்னது காதுல விழலயா? அத விடுங்க," என்றேன். அதற்குமேல் அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. எனக்குள் அந்தக் கேள்வி வராமல் இல்லை. வந்தபோதெல்லாம், அவரும் இதே கேள்வியை என்னைப் பார்த்துக் கேட்கலாமே என்று நினைத்துக்கொண்டேன். அவர் கேட்கவில்லை.

அடுத்த முறை போனபோதுதான் டாக்டர் அந்தப் பரிசோதனையைப் பற்றிச் சொன்னார். ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கும் சதைத் துணுக்கையே இன்னும் ஆழமாகப் பார்ப்பார்களாம். இரண்டு விஷயங்கள் தெரியவரும். ஒன்று, கட்டியின் மரபணுக்களில் என்னென்ன மாறியிருக்கின்றன என்பது. இன்னொன்று, நம் உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் அந்தக் கட்டியை எப்படி நடத்துகின்றன என்பது.

எனக்குப் புரிய வேண்டும் என்று ஒரு தாளில் வட்டம் போட்டார். "இது கட்டி. சிலருக்கு எதிர்ப்பு அணுக்கள் உள்ளே நிறையப் புகுந்து சண்டை போடும்." வட்டத்துக்குள் புள்ளிகள் வைத்தார். "சிலருக்கு வெளியிலேயே நின்றுவிடும்." பக்கத்தில் இன்னொரு வட்டம் போட்டு அதைச் சுற்றிப் புள்ளிகள் வைத்தார். சில கட்டிகள் தங்கள் மேல் ஒருவகைப் புரதத்தை வைத்துக்கொண்டு, வரும் எதிர்ப்பு அணுக்களைத் தட்டித் தூங்க வைத்துவிடுமாம். இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், சிகிச்சைக்குப் பிறகு நோய் திரும்பி வரும் வாய்ப்பு அதிகமா குறைவா என்று ஓரளவு கணிக்கலாம்.

"என் பொண்ணுக்கும் வருமா? மரபணுன்னா பரம்பரைதானே?" என்று ஆங்கிலமும் தமிழுமாக உளறினேன்.

இல்லை என்றார். மாறியிருப்பது கட்டியின் மரபணு. நான் மகளுக்குக் கொடுத்த மரபணு அல்ல. அவளுக்கு உரிய வயதில் தடுப்பூசி போட்டால் போதும். அந்த ஒரு பதிலுக்காக அவர் காலைத் தொட்டிருப்பேன்.

இப்போதைய சிகிச்சை இந்த முடிவால் மாறாது, பிறகு எவ்வளவு நெருக்கமாகக் கண்காணிப்பது, ஒருவேளை திரும்பினால் எந்த மருந்து பிடிக்கும் என்பதற்குத்தான் உதவும் என்று சொல்லிவிட்டு, டாக்டர் கேட்டார்: "முடிவு வந்தால் உங்களிடம் சொல்லட்டுமா? சிலர் வேண்டாம் என்பார்கள்."

நான் யோசிக்கவே இல்லை. "எனக்கு வேணாம் டாக்டர். இவர்கிட்ட சொல்லுங்க."

கணவர் திரும்பி என்னைப் பார்த்தார். என் பயத்தைத் தூக்கி அவர் மடியில் போட்டுவிட்டேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. கதிர்வீச்சு எந்திரத்துக்கு அடியில் படுத்திருக்கும்போது, இது வேலை செய்யாது என்ற நினைப்போடு படுத்திருக்கக் கூடாது. அது மட்டும்தான் எனக்கு வேண்டியிருந்தது.

கதிர்வீச்சு சனி ஞாயிறு தவிர தினமும். வலி கிடையாது. காத்திருப்பதுதான் வேதனை. சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும்; நிறைந்தால்தான் அது குடலை மேலே தள்ளிக் கதிர் படாமல் காக்கும். அதனால் காத்திருக்கும் அறையில் பெண்கள் எல்லாரும் தண்ணீர்ப் போத்தலும் கையுமாக, காலை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். எந்திரம் தாமதமானால் அறையே நெளியும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஃபாத்திமா என்ற அக்காவோடு அங்கேதான் பழக்கம். சிராங்கூன் சாலைப் பக்கம் அவருக்குத் துணிக்கடை.

"இன்னும் அஞ்சு நிமிஷம் லேட்டாச்சுன்னா நான் இங்கயே கப்பல் விட்டுருவேன்லா," என்றார் ஒருநாள். சிரித்தால் ஆபத்து என்று நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அவருக்கும் அதே நோய், அதே பரிசோதனை. அவர் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். அவருடைய கட்டிக்குள் எதிர்ப்பு அணுக்கள் நிறைய இருக்கின்றனவாம்.

"உங்களுக்கு என்ன சொன்னாங்க?"

"நான் கேக்கலக்கா."

"ஏன்? தெரியாம எப்படிம்மா இருக்கீங்க? எனக்கு அது வெறும் இருட்டால்ல இருக்கும்."

எனக்கும் இருட்டாகத்தான் இருந்தது. வெளிச்சத்தில் என்ன நிற்கிறது என்று பார்க்கத்தான் தைரியம் இல்லை.

மூன்றாவது வாரம் முடிவு வந்தது. கீமோ ஏற்றிக்கொண்டு சோர்ந்து உட்கார்ந்திருந்தேன். தாதி வந்து கணவரை மட்டும் டாக்டர் கூப்பிடுவதாகச் சொன்னார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவர் முதுகு தெரிந்தது. சட்டைக் காலரை ஒருமுறை சரிசெய்துகொண்டார். தலையை ஆட்டினார். டாக்டர் மேசைமேல் எதையோ தள்ள, இவர் அதைத் திருப்பித் தள்ளினார். பிறகுதான் தெரிந்தது, அது திசுத்தாள் பெட்டி. எவ்வளவு நேரம் உள்ளே இருந்தார் என்று தெரியாது. வெளியே வந்தவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏதாச்சும் சாப்பிடுறியா? ஐஸ் மைலோ வாங்கிட்டு வரட்டா?" என்று கேட்டார்.

முதலில் கத்தாமல் அவர் என்னை அப்படிக் கேட்டதே இல்லை.

அன்றிலிருந்து நான் அவரைப் படிக்கத் தொடங்கினேன். வீட்டில் கத்தல் நின்றுவிட்டது. குளியலறை விளக்கு எரிந்துகொண்டிருந்தால் சத்தமில்லாமல் போய் அணைத்தார். நான் வாந்தி எடுத்து அவருடைய புது விரிப்பை நாசமாக்கினேன். "பரவால்ல, கழுவிக்கலாம்," என்றார். தேக்கா சந்தையிலிருந்து விலை அதிகமான மாம்பழம் வாங்கி வந்தார். பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத என் அண்ணனோடு ஃபோனில் பேசினார். யாழினியின் சனிக்கிழமைத் துணைப்பாட வகுப்பு நின்றது. அவள் வீட்டில் என்னோடு இருந்தாள். நான் பேசிக்கொண்டிருக்கும்போது கைப்பேசியைத் தூக்கி என்னைப் படம் எடுத்தார்.

ஒவ்வொன்றும் எனக்கு ஒரு செய்தி. இவர் விடைகொடுத்துக்கொண்டிருக்கிறார் என்றே எடுத்துக்கொண்டேன். மாம்பழத் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். நல்லவராக இருக்காதீர்கள் என்று கத்த வேண்டும்போல இருந்தது. முடிவைக் கேட்க வேண்டாம் என்று சொல்லித் தப்பித்துவிட்டதாக நினைத்தேன். இப்போது அது வீடு முழுக்க மாம்பழமாகவும் மௌனமாகவும் கிடந்தது.

வெளியிலிருந்து தரும் கதிர்வீச்சு முடிந்ததும் உள்ளே வைத்துத் தருவது. இதைப் பற்றி யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை, அதனால் சொல்கிறேன். மயக்கம் கொடுத்து, பிறப்புறுப்பு வழியாகக் கருப்பைவரை மெல்லிய குழாய்களைப் பொருத்துவார்கள். அசையக் கூடாது. முழங்காலை மடக்கக்கூடக் கூடாது. ஸ்கேன் எடுத்துக் கணக்குப் போட்டு முடிக்கும்வரை மல்லாந்தே கிடக்க வேண்டும். பிறகு எல்லாரும் வெளியேறிக் கனமான கதவை மூடுவார்கள். எந்திரம் கிர்ரென்று ஒரு சின்னக் கதிர் மணியைக் குழாய் வழியாக உள்ளே அனுப்பும். கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஒலிபெருக்கியில், "அக்கா, ஓகேவா? நான் உங்கள பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்," என்று ஒரு குரல் வந்தது. மலேசியாவின் ஜோகூரிலிருந்து தினமும் பாலம் கடந்து வேலைக்கு வரும் தாதி பரமேஸ். அந்தத் தமிழ்க் குரலைக் கேட்டதும் கண்ணீர் காதுக்குள் ஓடியது. துடைக்கக் கையை எடுக்கக் கூடாது. "அழுங்க, பரவால்ல, இடுப்ப மட்டும் ஆட்டாதீங்க," என்றார்.

அந்தச் சிகிச்சை நாட்களில் யாழினியைப் பார்த்துக்கொள்ளக் குவீன்ஸ்டவுனிலிருந்து என் நாத்தனார் வசந்தி அண்ணி வந்து தங்கினார். வயிற்றுப்போக்கு தாங்காமல் நான் எதுவும் சாப்பிட முடியாதபோது, குழையக் குழையக் கஞ்சி வைத்து வடிகட்டிக் கொடுத்தார். மருத்துவமனைக் கட்டணத்தில் ஒரு பகுதியைத் தன் சேமிப்பிலிருந்து கட்டிவிட்டு, என்னிடம் சொல்லாமல் இருந்தார். அதைக் கேட்டபோதும் நன்றிக்கு முன்னால் பயம்தான் வந்தது. அண்ணிக்கும் தெரிந்திருக்கிறதோ?

சிகிச்சை எல்லாம் முடிந்து அண்ணி ஊருக்கு, அதாவது குவீன்ஸ்டவுனுக்கு, திரும்பிய மறுவாரம். காலையில் எழுந்து கூடத்துக்கு வந்தேன். யாழினி பள்ளிச் சீருடையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் சோபாவில் அவர். கைப்பேசியில் தலை பின்னக் கற்றுத்தரும் காணொளி ஓடிக்கொண்டிருந்தது. லிஃப்ட் மசகு படிந்து கறுத்துப்போன விரல்களால் என் மகளின் முடியை மூன்றாகப் பிரித்துப் பிடித்திருந்தார்.

"அப்பா, இன்னும் டைட்டா பின்னுங்க. போன தடவ மாதிரி ரெசஸ்லயே அவுந்துரும்."

"இரும்மா, இந்த மூணாவது எங்க போவுது..."

போன தடவை. அப்படியென்றால் இது முதல் தடவை இல்லை. நான் மறுபடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். நான் இல்லாத வீட்டை அவர் நடத்திப் பழகிக்கொண்டிருக்கிறார். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் யாழினி சமூக மன்றத்தில் நடன வகுப்புக்குப் போயிருந்தாள். அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். நான் சமையலறை வாசலில் நின்றேன்.

"ஏங்க, டாக்டர் அன்னிக்கு என்ன சொன்னாங்க?"

அவர் திரும்பவில்லை. "நீதானே வேணாம்னு சொன்னே."

"இப்ப வேணும்."

"ராணி, இப்ப எதுக்கு..."

"நான் செத்துருவேனா?"

"அப்படிலாம் யாரும் சொல்லல."

"அப்ப எதுக்கு பாப்பாவுக்குத் தல பின்னக் கத்துக்கிட்டீங்க?"

இப்போது திரும்பினார். கையில் சோப்பு நுரை. உண்மையாகவே புரியாத முகம். "வசந்தி அக்கா இழுத்து இழுத்துப் பின்றாங்கன்னு பாப்பா அழுதாளே. நீ ஆஸ்பத்திரில இருந்தே. அதான்..."

"மாம்பழம்?"

"ஆஃபர் போட்டிருந்தான்."

"என் அண்ணன்கிட்ட பேசுனீங்களே?"

"அவருதான் கூப்பிட்டாரு. நீ வருத்தப்படுவே, சொல்லாதீங்கன்னாரு."

"டியூஷன்?"

"அந்த டீச்சருக்குக் குழந்த பொறந்திருக்கு. ராணி, என்ன நீ, இதெல்லாமா எண்ணிக்கிட்டிருக்கே?"

மாதக்கணக்காக நான் அடுக்கி வைத்திருந்தது ஒவ்வொன்றாகச் சரிந்தது. சிரிப்பு வரும்போல இருந்தது. "அப்ப ஒண்ணுமே இல்லையா?"

குழாயை மூடினார். கையைச் சட்டையிலேயே துடைத்தார்.

"இருக்கு," என்றார்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சொன்னார். என் கட்டிக்குள் எதிர்ப்பு அணுக்கள் மிகக் குறைவு. வெளியே நிற்கின்றன, உள்ளே போகவில்லை. மரபணு ஒன்றும் மாறியிருக்கிறது. அந்த மாற்றம் இருந்தால் கதிர்வீச்சுக்குக் கட்டி கொஞ்சம் முரண்டு பிடிக்கலாம். இரண்டும் சேர்ந்தால் திரும்பி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

"எவ்ளோ அதிகம்னு கேட்டேன். நூறு பேரப் பத்திக் கேட்டா சொல்லுவேன், உங்க வைஃப் ஒருத்தரப் பத்திக் கேட்டா எனக்குத் தெரியாதுன்னாங்க. இந்த மாதிரி ரிசல்ட் வந்தவங்க நல்லா இருக்கிறதும் பாத்திருக்காங்களாம். இல்லாததும் பாத்திருக்காங்களாம்."

"அதான் கத்துறத நிறுத்திட்டீங்களா?"

"வாய் வரைக்கும் வருது ராணி. லைட்ட ஆஃப் பண்ணலன்னு வருது. அப்புறம் அந்த ரூம்ல சொன்னது ஞாபகம் வருது. இவளையா திட்டுறேன்னு..." நிறுத்தினார். "மொட்டமாடில லிஃப்ட் மோட்டார் ரூம்ல ரொம்ப சத்தமா இருக்கும். அங்க அழுதா யாருக்கும் கேக்காது."

நான் எழுந்து போய் அவர் தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். கதிர் பட்டுக் கறுத்துப்போன அதே வயிறு. எத்தனையோ கூரைகளுக்கு மேலே, எந்திரச் சத்தத்துக்குள், இந்த மனிதர் தனியாக நின்றிருக்கிறார். அவரை அங்கே அனுப்பியது என்னுடைய ஒரு வார்த்தை.

தெரிந்துகொண்டதால் பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அது வேறுமாதிரி ஆனது. முன்பு எதைப் பார்த்தாலும் பயம். இப்போது ஒன்றைப் பார்த்துப் பயம். கண்ணை மூடினால் டாக்டர் வரைந்த இரண்டாவது வட்டம் வரும், சுற்றிலும் சும்மா நிற்கும் புள்ளிகளோடு. உள்ளே போங்களேன் என்று அவற்றிடம் கெஞ்சுவேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் குளிக்கும்போது வாய்விட்டே கெஞ்சியிருக்கிறேன்.

சிகிச்சை முடிந்து மூன்று மாதம் கழித்துப் பெட் ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி உயிரோடு இருந்தால் படத்தில் அந்த இடம் பளிச்சென்று எரியும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். முடிவு கேட்கும் நாளில் இருவரும் ஒன்றாக உள்ளே போனோம். டாக்டர் நாங்கள் உட்காரும்வரைகூடக் காத்திருக்கவில்லை. "கிளியர்," என்றார். முன்பு எரிந்த இடம் இருட்டாக இருந்தது. இவர் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இந்த முறை திசுத்தாள் பெட்டியை இழுத்து வைத்துக்கொண்டார்.

டாக்டர் எங்களை ரொம்ப மகிழவும் விடவில்லை. என் பரிசோதனை முடிவு அப்படியேதான் இருக்கிறது, அதனால் அடிக்கடி வர வேண்டும், முதல் இரண்டு வருடம் முக்கியம் என்றார். திரும்பினாலும் எதிர்ப்பு அணுக்களைத் தட்டியெழுப்பும் மருந்து ஒன்று இருக்கிறது. என் கட்டியில் அந்தப் புரதம் இருப்பதால் அது பயன்படக்கூடும் என்றும் சொன்னார். கெட்ட செய்திக்குள் எனக்கென்று ஒரு சின்ன இடம் இருந்தது. அதை நான் கேட்காமலே இருந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் பயந்துகொண்டேதான் இருந்தேன். முதுகு பிடித்தால் பயம். இருமினால் பயம். ஃபாத்திமா அக்காவிடமிருந்து கொஞ்ச நாளாகச் செய்தி வரவில்லை. அவருக்கு ஏதோ ஆகிவிட்டது, அடுத்தது நான் என்று தூக்கம் கெட்டுக் கிடந்தேன். கடைசியில் அவர் மகள் வீட்டுக்கு ஜோகூர் போயிருந்தாராம், கைப்பேசி தண்ணீரில் விழுந்துவிட்டதாம்.

போன மாதம் மறுபடி ரத்தம் வந்தது.

கதிர்வீச்சுக்குப் பிறகு உள்வழி சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு விரிப்பான் கருவி கொடுத்திருந்தார்கள். அதைப் பயன்படுத்திய மறுநாள், திசுத்தாளில் இளஞ்சிவப்பு. குளியலறைக் கதவைத் திறக்கவே முடியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் கறையை ஒளித்தவள்தான் நான். இந்த முறை கதவைத் திறந்து, அப்படியே நின்று கூப்பிட்டேன். "ஏங்க, இங்க வாங்க." அவர் வந்து தாளைப் பார்த்தார். உடனே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

அன்றே டாக்டர் பார்த்தார். கருவியை வைத்து விளக்கைத் திருப்பினார். பேச்சு நின்றுவிடுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். அவர் பேசிக்கொண்டே இருந்தார். கதிர் பட்ட தோல் மெலிந்து சின்ன ரத்தக் குழாய்கள் மேலே வந்திருக்கின்றன, உரசினால் கசியும், கட்டியாக எதுவும் தெரியவில்லை. ஒரு துணுக்கை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். சில நாள் கழித்துச் செய்தி வந்தது: நோய் இல்லை. கேட்பதற்கு இரண்டு பேரும் நேரிலேயே போனோம்.

வெளியே வந்ததும் பசித்தது. வெகுநாட்களுக்குப் பிறகு உண்மையான பசி. "தேக்கா போலாமா?" என்றேன். பஸ் பிடித்துப் போய் சிராங்கூன் சாலையில் இறங்கினோம். வெயில் கொளுத்தியது. சாலைக்கு அந்தப் பக்கம் மல்லிகைச் சரம் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, என்ன ஏது என்று யோசிக்காமல், நடைபாதையை விட்டு இறங்கிவிட்டேன்.

ஹார்ன் சத்தம் மண்டைக்குள் இறங்கியது. என் மேல்கையை யாரோ பிய்த்தெடுப்பது போல இழுத்தார்கள். சரக்கு லாரி ஒன்று என் புடவைத் தலைப்பை ஆட்டிவிட்டுப் போனது.

"அறிவிருக்கா உனக்கு? சிக்னல்ல ரெட் மேன் நிக்கிறது கண்ணு தெரியல? எங்க பாத்துக்கிட்டு நடக்குற? அவ்ளோ பெரிய லாரி, அவன் அப்படி ஹார்ன் அடிக்கிறான், மேடம் பாட்டுக்கு பூ பாத்துக்கிட்டுப் போறாங்க!"

அக்கம்பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கும் அது தெரிந்தது. வாயை மூடினார். அவர் முகம் மாறியது. நான் மாதக்கணக்கில் பார்த்துப் பயந்த அந்தப் பொறுமையான முகம் மெல்லத் திரும்பி வரப் பார்த்தது.

"ஆமா, பாக்காமத்தான் போனேன், இப்ப என்ன?" என்றேன்.

"என்னவா? என்னன்னா கேக்குற?" மறுபடி கத்த ஆரம்பித்தார். பச்சை விளக்கு விழுந்தது. என் கையை விடாமல் சாலையைக் கடந்துகொண்டே திட்டினார். பூக்கடையைத் தாண்டும்போதும் திட்டினார். கவனமே கிடையாது, அன்றைக்கு அடுப்பை அணைக்காமல் கடைக்குப் போனாய், எத்தனை குடை தொலைத்திருக்கிறாய் தெரியுமா என்று, இத்தனை மாதமும் சேர்த்து வைத்திருந்தது எல்லாம் வந்தது. சந்தைக்குள் நுழைந்து, காய்கறிக்காரர் எங்களைப் பார்த்துச் சிரிக்கும்வரை வந்தது.

அடுத்த ஸ்கேனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தேக்காவில் அன்றைக்கு மட்டும், அவர் பிடித்த இடத்தில் கை வலிக்க வலிக்க, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டு கூடவே நடந்தேன்.